வீரணன் புகை

கல்லாம்பாறைக் காட்டில் பிடித்த நெருப்பு நாலாம் நாள் அணைந்து, ஐந்தாம் நாள் சாம்பல் ஆறி, ஆறாம் நாள் காலையில் அதன் புகை மட்டும் மலையை விட்டு இறங்கி, வாய்க்கால் பாலத்தைக் கடந்து, கடைவீதி வழியாக யாரிடமும் வழி கேட்காமல் நடந்து வந்து எஸ்டேட்காரர் வீரணன் வீட்டு மொட்டைமாடியில் நின்றபோது, ஊரில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை; இவ்வளவு தாமதமாக ஏன் வந்தது என்றுதான் கேட்டார்கள். மலைக்கும் ஊருக்கும் பதினான்கு கிலோமீட்டர், அதில் கொண்டை ஊசி வளைவு மட்டும் ஒன்பது, நடந்து வருகிற புகைக்கு அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும் என்று டீக்கடையில் ஒருவர் விளக்கம் சொல்ல, மற்றவர்கள் அதுவும் சரிதான் என்று கிளாஸை வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

பவுன்தாய் அதை மேலிருந்து பார்த்தாள். ஊருக்கு வெளியே, காட்டுத்தீயைக் கண்காணிக்கும் சின்ன அலுவலகத்தில் அவளுக்கு ஒப்பந்த வேலை. மதியம் ஒன்றரை மணிக்கு மலைத்தொடருக்கு மேலே பறந்துபோகும் செயற்கைக்கோள் அனுப்புகிற படத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி, அதில் சூடான இடமெல்லாம் சிவப்புக் கட்டமாக விழுந்திருப்பதைப் பார்த்து, இது காட்டுத்தீ, இது செங்கல் சூளை, இது வெயிலில் காய்ந்த தகரக் கூரை என்று பிரித்து, தீ என்றால் அந்தப் பகுதித் தீக்காவலர்களுக்குச் செய்தி அனுப்பி, பிறகு புகை எந்தத் திசைக்குப் போகிறது என்று மவுஸால் அதன் ஓரத்தை வரைந்து மூன்று மணிக்குப் புகை அறிக்கை வெளியிட வேண்டும். மேகம் வெள்ளையாகத் தரையில் நிழலைப் போட்டுக்கொண்டு போகும். புகை நீலம் பாரித்து, ஒரு முனையில் கெட்டியாகவும் மறுமுனையில் கந்தலாகவும் இருக்கும். கந்தல் முனையில் காற்று இருக்கிறது, கெட்டி முனையில் நெருப்பு இருக்கிறது. கெட்டி முனையைப் பிடித்தபடி போனால் வைத்தவன் கை வரைக்கும் போகலாம் என்பது நாலு வருடத்தில் அவள் கற்றுக்கொண்ட பாடம்.

அந்த ஆறாம் நாள் படத்தில் புகை தலைகீழாக இருந்தது. எரிந்த மலையில் அதன் கந்தல் முனையும், ஊருக்குள்ளே நாற்பதடி ரோட்டில், வீரணன் வீட்டுக்கு நேர் மேலே அதன் கெட்டி முனையும் இருந்தன. பவுன்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓரத்தை வரைந்தாள். ஆறு நாளில் அவள் மனசுக்கு ஆறுதலாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

ஏனென்றால் அந்த நெருப்பில் செத்தது அவள் தம்பி தவசி. இருபத்தாறு வயது. கோடை ஆறு மாதம் தீக்காவலர் வேலை, மீதி ஆறு மாதம் லாரியில் கிளீனர் வேலை என்று இருந்தவன். அன்றைக்கு ஒன்றரை மணிப் படத்தில் கல்லாம்பாறைச் சரிவில் ஒரு சிவப்புக் கட்டம் விழுந்ததும், செய்தி அனுப்பியவள் அவள். செய்தியைப் படித்துவிட்டு அவன்தான் போனில் கூப்பிட்டான்.

"அக்கா, எந்தப் பக்கமா ஏறட்டும்?"

"புகை கிழக்க போகுது. நீ மேக்குப் பக்கமா, எஸ்டேட் பாதையில ஏறு."

"சரிக்கா. சாயங்காலம் பரோட்டா வாங்கி வையி. வீட்டுல உப்புமான்னு அம்மா சொல்லுச்சு."

இரண்டு மணிக்கு வானத்தில் ஒரே இடத்தில் நிற்கிற இன்னொரு செயற்கைக்கோளின் படம் வந்தது. புகை அதில் கிழக்கே போன கழுத்தைத் திருப்பி மேற்கே பார்த்தது. பவுன்தாய் போன் அடித்தாள், பதினேழு தடவை அடித்தாள், தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் பதினேழு தடவையும் பொறுமையாகச் சொன்னாள். மேற்குப் பக்கமாக ஏறு என்று சொன்னது நீதானே, நீதானே என்று அன்றைக்கு அவள் காதுக்குள் ஆரம்பித்த கேள்வி அதன் பிறகு ஒரு நாளும் ஓயவில்லை.

நெருப்பை வைத்தது யார் என்பது ஊருக்கே தெரியும். வீரணனின் ஏலக்காய் எஸ்டேட்டை ஒட்டி அந்தக் காட்டுச் சரிவு இருந்தது. மரமும் புல்லும் இல்லாமல் அது மொட்டையாகிவிட்டால் தரிசு என்று எழுதி வாங்கி, சுற்றுலாக்காரர்களுக்கு விடுதி கட்டலாம் என்று அவர் இரண்டு வருடமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் விசாரணைக்கு வந்த அதிகாரி படத்தை எதிரில் வைத்துக்கொண்டு பவுன்தாயிடம் கேட்டார்.

"இந்தச் செகப்புக் கட்டம் எவ்வளவு அகலம்மா?"

"முந்நூத்தி எழுபத்தஞ்சு மீட்டர் சார்."

"இதுல பாதி காடு, பாதி அவரோட பட்டா. எந்தப் பாதியில நெருப்பு வச்சாங்கன்னு உன் செயற்கைக்கோள் சொல்லுமா?"

"சொல்லாது சார்."

"அப்ப நீயும் சொல்லாத."

அப்படியாக வீரணன் ஒரு கட்டத்துக்குள் புகுந்து தப்பித்தார். அதைவிடப் பெரிய கொடுமை ஒன்று இருந்தது. அவர் வேற்று ஆள் அல்ல, பவுன்தாயின் அம்மா ஒச்சம்மாளுக்குச் சித்தப்பா மகன், தவசிக்குத் தாய்மாமன் முறை. தவசிக்குக் காது குத்தும்போது மடியில் உட்கார வைத்துக்கொண்டவர். அந்தத் தாய்மாமன் சாவுக்கு வரவில்லை. டிரைவரிடம் ஒரு ரோஜா மாலையைக் கொடுத்தனுப்பிவிட்டு, இடுப்பு வலி என்று சொல்லச் சொன்னார். பங்காளி, பகையாளி, பேச்சு வார்த்தை நின்றுபோனவர்கள் எல்லாம் வந்து நின்ற வீட்டுக்கு அவர் மட்டும் வரவில்லை. பவுன்தாய் அந்த மாலையை டிரைவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"மாலைக்குக் கால் மொளச்சு வந்துச்சோ? கழுத்துல போட வேண்டிய ஆளு வரட்டும்" என்றாள்.

ஆள் வரவில்லை. அதனால் புகை அவரைத் தேடி வந்தது என்று ஊர் முடிவு கட்டிக்கொண்டது. காரணம் அதற்குப் போதுமாக இருந்தது. அதற்கு மேல் யாரும் துருவவில்லை.

புகை வீரணனோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தது. அவர் கடைக்குப் போனால் கடைக்குப் போனது, கோயிலுக்குப் போனால் வெளிமண்டபத்தில் காத்திருந்தது, காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டால் காருக்கு மேலே ஏறிக்கொண்டு வந்தது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அதற்குக் கவலையில்லை. மழைக்காலம் வந்து மலையிலிருந்து ஊர் வரைக்கும் பத்து நாள் விடாமல் கொட்டியபோது, இத்தோடு கரைந்துவிடும் என்று வீரணன் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அது அவர் வீட்டு சன்ஷேடுக்குக் கீழே ஒதுங்கி நின்றது. மழை விட்டதும் ஈரத்தை உதறிக்கொண்டு மறுபடியும் மாடிக்கு ஏறியது.

பவுன்தாய் அறிக்கையில் புகைகளுக்குப் பெயர் போட வேண்டும். புகை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்துப் பெயரைப் போடுவது வழக்கம். இதற்கு அவள் 'வீரணன் புகை' என்று போட்டாள். மேலதிகாரி கூப்பிட்டு, ஆள் பெயரை எப்படிப் போடலாம் என்று கேட்டார்.

"எடம் நிலையா இல்ல சார். நேத்து பஸ் ஸ்டாண்ட், இன்னைக்கு ரைஸ் மில்லு. ஆளுதான் மாறாம இருக்காரு."

அவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்கும் ஊரில் கோயிலும் குளமும் பிள்ளை குட்டியும் உண்டு. "சரி, இனிஷியலைச் சரியாப் போடு" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு தினமும் மூன்று மணிக்கு ஊரே போனைத் திறந்து வீரணன் எங்கே இருக்கிறார் என்று பார்க்கத் தொடங்கியது. மனுசன் எதற்கும் பழகிக்கொள்வான், அதிலும் அடுத்தவன் தலையில் விழுந்த இடி என்றால் சீக்கிரம் பழகிக்கொள்வான். பஸ்ஸில் அவருக்குக் கடைசி ஸீட் என்று கண்டக்டர் ஒதுக்கி வைத்தார். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனவர்கள், "அவசியம் வரணும், ஆனா அது வெளிய நிக்கட்டும்" என்று அதையும் முறையாகக் கேட்டுக்கொண்டார்கள். கொசு பெருத்துக் காய்ச்சல் பரவிய மாதத்தில் தெற்குத் தெருக்காரர்கள் அவர் வீட்டுக்கே போய், எங்கள் தெருவில் ஒரு நாற்காலி போட்டுத் தருகிறோம், சாயங்காலம் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்று அழைத்தார்கள். ஊரில் செல்வாக்கான மனுசன், ஏலக்காய்க்கு விலை சொல்கிற மனுசன், மாட்டுக்கொட்டத்திலும் நெல் குடோனிலும் வண்டு விரட்ட உட்கார வேண்டியதாயிற்று. நீ நல்லா இருப்ப மாமா என்று அவர்கள் வாயார வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்துதான் அவரை ரொம்பக் குத்தியது.

அவர் மனைவி லோகமணி ஒரு நாள் பவுன்தாய்க்குப் போன் போட்டாள். குசலம் விசாரிக்கவில்லை.

"வியாழக்கிழமை வியாழக்கிழமை அது எங்கிட்டுப் போகுது பவுனு? ஆத்தூரு சந்தைக்குப் போறேன்டு சொல்லிட்டுப் போறாரு."

பவுன்தாய் பழைய படங்களை எடுத்துப் பார்த்தாள். வியாழக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்குப் புகை சந்தைக்கு எட்டு கிலோமீட்டர் தெற்கே, ஒரு மில் காலனியில், பச்சைத் தகரக் கூரை போட்ட மாடி வீட்டுக்கு மேலே ஆடாமல் அசையாமல் நின்றிருந்தது. ஏழு வியாழக்கிழமையும் அதே வீடு. பவுன்தாய் தெருப் பெயரோடு சொன்னாள். 

"மாடி வீடா?" என்று கேட்டாள் லோகமணி.

"மாடி வீடுதான் அத்தே."

"எனக்கு மாடி கட்ட இருபது வருசம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு லோகமணி போனை வைத்தாள். அன்றிலிருந்து வீரணனுக்கு வீட்டில் சோறு மொட்டைமாடியில்தான், புகையோடு சேர்த்து. அதைக் கேள்விப்பட்டபோது பவுன்தாய்க்குச் சந்தோஷமாக இருந்தது, இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள். அந்தச் சந்தோஷத்தை மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

வீரணன் ஓடிப் பார்த்தார். சென்னைக்குப் போனார், புகை பாதி வழியில் ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டு மறுநாள் போய்ச் சேர்ந்தது. ராமேசுவரம் போய்க் கடலில் முழுக்குப் போட்டு, இருபத்திரண்டு தீர்த்தத்திலும் குளித்தார். அது கடலுக்கு மேலே தண்ணீரைத் தொடாமல் நின்று பார்த்தது. காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது என்று ஊரில் சிரித்தார்கள். ஆனால் வீரணன் தலையில் மூளை உள்ள ஆள். கார்த்திகை பிறக்கிற நேரத்தில், வடக்கே கோதுமை விதைப்பதற்காக அறுத்த நெல் தாளைக் கொளுத்துகிற சமயத்தில், டெல்லிக்கு டிக்கெட் போட்டார். அங்கே அப்போது பஞ்சாப் தொட்டு கங்கைக் கரை வரைக்கும் புகை ஒரே ஜமுக்காளமாக விரித்துக் கிடக்கும். ஆயிரம் புகைக்குள் தன் புகையை யார் கண்டுபிடிப்பார்கள், அதற்கே தன்னை அடையாளம் தெரியாமல் போகட்டும் என்று அவர் நினைத்தார்.

அவர் டெல்லி போய்ச் சேர்ந்த அன்று மூன்று மணிக்கு அறிக்கை வரவில்லை. நாலு மணிக்கும் வரவில்லை. ஊரில் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். பவுன்தாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வட இந்தியாவின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒவ்வொரு அரை மணிப் படத்தையும் அடுத்ததோடு ஒட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெல் தாள் புகை எல்லாம் பழுப்பு நிறம், காற்று தள்ளுகிற பக்கமே தென்கிழக்காக ஊர்ந்து போனது. ஐந்து மணிக்கு அவள் அதைப் பிடித்தாள். அத்தனை புகையும் ஊர்ந்து போக, ஒன்று மட்டும், நூல் கனம், நீலம் பாரித்து, கரோல்பாக் பக்கம் ஒரு லாட்ஜுக்கு மேலே நின்ற இடத்தில் நின்றது. அவள் ஓரத்தை வரைந்தாள், பெயரைப் போட்டாள், ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பத்து நிமிஷத்தில் டெல்லியிலிருந்து போன் வந்தது.

"எப்பிடித் தாயி கண்டுபிடிச்ச?" வீரணன் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது.

"மத்ததெல்லாம் போகுது மாமா. உங்களுது மட்டுந்தான் நிக்கிது."

அவர் திரும்பி வந்தார். கூடவே அதுவும் வந்தது. ஆனால் அந்தத் தை மாதம் விஷயம் வேறு திசையில் திரும்பியது. ஊரைச் சுற்றித் திராட்சைப் பந்தல். பழுக்கிற நேரத்தில் பத்து மாதப் புகை இலையில் படிந்து, காயில் ஏறி, அறுத்த பழத்தில் கரிந்த புல் வாசம் அடித்தது. கேரளாவிலிருந்து வந்த வியாபாரிகள் ஒரு பழத்தை வாயில் போட்டுத் துப்பிவிட்டு லாரியைத் திருப்பினார்கள். வேடிக்கை பார்த்த ஊருக்கு இப்போது வலித்தது. தனக்கு வலித்தால்தான் ஊருக்கு நியாயம் ஞாபகம் வரும்; பந்தல்காரர்கள் பதினொரு பேர் ஒன்றாகக் கிளம்பி பவுன்தாய் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

அவர்களில் பெரிய பந்தல்காரரான சின்னக்காளை பேசினார். "நாங்க யாருக்கும் பரிஞ்சு வரல பவுனு. அந்தாளு சாவு வீட்டுக்குத் துட்டி கேக்க வரல, அதான குறை? வந்து ஒரு தடவ உங்கம்மா முன்னால நின்னுட்டா அது அவரை விட்டுரும். மழைக்குக் கூடக் கரையாத பொகை அதுக்குத்தான் காத்துக் கெடக்கு. நாங்க கூட்டியாறோம். நீ வாசலை அடைக்காம இரு, போதும்."

"எந்தம்பி வரமாட்டானே, காளையண்ணே."

"வரமாட்டான்தான். எங்க பழமும் திரும்பி வராது. இருக்குறதையாச்சும் காப்பாத்த விடு."

பவுன்தாய் முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒச்சம்மாள், பத்து மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவள், எழுந்து உட்கார்ந்து, "வரட்டும்டி. எங்க அண்ணன் மொகத்தைப் பாத்து நான் ஒண்ணு கேக்கணும்" என்றாள். அம்மா ஒரு காரியம் வேண்டும் என்று சொல்லிப் பத்து மாதம் ஆகியிருந்தது. சரி, இவளுக்காக விட்டுவிடுவோம், நாம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்போம், அந்தாள் வரட்டும், நிற்கட்டும், தொலையட்டும் என்று பவுன்தாய் மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு வீரணன் வந்தார். தெரு முழுக்க ஆள். புகை வாசலுக்கு வெளியே, கரண்டுக் கம்பத்தை ஒட்டி நின்றுகொண்டது. இத்தனை நாள் மேலிருந்தே பார்த்த அதைப் பவுன்தாய் அன்றைக்குத்தான் பக்கத்தில் பார்த்தாள். வாசம் வந்தது. எரிந்த மலைப்புல், அதற்கு அடியில் காக்கிச் சட்டை வேர்வை. சாயங்காலம் வேலை முடித்து வந்து தவசி கொடியில் போடுகிற சட்டை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

துக்க வீட்டுக்கு என்று ஒரு முறை இருக்கிறது, எத்தனை மாதம் கழித்து வந்தாலும் முதல் தடவை வருகிறவருக்கு அதே முறைதான். வந்தவரை வாங்க என்று கூப்பிட மாட்டார்கள். கிளம்புகிறவர் போயிட்டு வர்றேன் என்று சொல்ல மாட்டார்; பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். சொன்னால், அந்த வீட்டில் இன்னொரு சாவு விழுந்து, இதே காரியத்துக்கு இன்னொரு தடவை வரவேண்டியதாகிவிடும். ஆகவே யாரும் கூப்பிடாமல் வீரணன் உள்ளே வந்தார், யாரும் சொல்லாமல் தரையில் உட்கார்ந்தார். பத்து மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். புருவத்தில் கரி ஏறியிருந்தது.

ஒச்சம்மாள் அழவில்லை. அண்ணன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளே வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு சொல்லு. என் மகன் மேல ஏறுனது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று சொல்லிவிட்டால் போதும். ஊர் அதற்குத்தான் வெளியே நின்றது. ஆனால் பத்து மாதம் புகையோடு ஒரே தட்டில் சாப்பிட்டவருக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. அதோடு, உண்மையைச் சொன்னால்தான் அது போகும் என்று அவருக்குள் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"பாத்தேன் ஒச்சம்மா" என்றார். "நெருப்ப வச்சுட்டு எஸ்டேட் ஷெட்டுக்குப் பின்னால நின்னேன். என்னையத் தாண்டித்தான் ஏறிப் போனான், நெருப்ப அடிக்கக் குழைய ஒடிச்சுக்கிட்டு. கொஞ்ச நேரத்துல காத்துத் திரும்பிருச்சு. அவன் எதிர்ப் பக்கம் பாத்து அடிச்சுக்கிட்டு இருக்கான், முதுகுக்குப் பின்னால நெருப்பு வர்றது தெரியல. எனக்குத் தெரிஞ்சுச்சு. ஒரு சத்தம் குடுத்திருந்தா எறங்கி ஓடியாந்திருப்பான். சத்தம் குடுத்தா நான் அங்கன இருந்தது தெரிஞ்சுபோகும்டு..." அவர் தன் வாயைப் பொத்திக் காட்டினார். "இப்பிடியே நின்னுட்டேன்."

ஒச்சம்மாள் அவர் கையை விட்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தரையில் வைப்பதுபோல மெதுவாக, தள்ளி வைத்தாள். பவுன்தாய்க்கோ காதுக்குள் இத்தனை மாதம் நீதானே, நீதானே என்று கேட்டுக்கொண்டிருந்த குரல் சட்டென்று நின்றது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது அமைதி அல்ல. மேற்கே ஏறு என்று தான் சொன்னது தப்பில்லை, ஒரு கூப்பாடு போட்டிருந்தால் தம்பி பரோட்டா சாப்பிட வந்திருப்பான், அந்த ஒரு கூப்பாட்டை இந்தாள் பல்லுக்குள் வைத்து விழுங்கினார் என்பது புரிந்தபோது அவளுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் பற்றி எரிந்தது.

வீரணன் எழுந்தார். முறைப்படி யாரிடமும் சொல்லவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து வாசற்படி இறங்கினார். அவர் தெருவில் கால் வைத்ததும் கரண்டுக் கம்பத்தை ஒட்டி நின்ற புகை தளர்ந்தது. அடியில் கொஞ்சம் கிழிந்தது, மேலே கொஞ்சம் வெளுத்தது. காற்று அடித்தது, பத்து மாதத்தில் முதல் தடவையாக அது காற்றுப் போகிற பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. சின்னக்காளை மேலே பார்த்துக் கும்பிட்டார். புகை கம்பிக்கு மேலே, தண்ணித் தொட்டிக்கு மேலே, கந்தல் கந்தலாக ஏறிப் போனது. வீரணன் நாலு வீடு தாண்டியிருந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது.

பவுன்தாய் வாசலுக்கு வந்தாள். ஒச்சம்மாள் பின்னாலேயே வந்து அவள் முகத்தைப் பார்த்தாள், மகள் என்ன செய்யப்போகிறாள் என்று புரிந்துகொண்டாள். வேறு எந்தத் தாயாக இருந்தாலும் மகள் வாயைப் பொத்தியிருப்பாள். ஒச்சம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா" என்று கூப்பிட்டாள் பவுன்தாய். தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரல், ஆனால் கோபம் இல்லாத குரல், விருந்துக்கு வந்தவரை வழியனுப்புகிற குரல். "போயிட்டு வாங்க."

திரும்பிப் பார்க்காமல் அவர் நடந்திருக்கலாம், தெருவில் எல்லோரும் மனசுக்குள் நட, நட என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அறுபது வருடம் எந்த வீட்டு வாசலில் யார் போயிட்டு வாங்க என்று சொன்னாலும், திரும்பி நின்று, தலையை ஆட்டி, பதில் சொல்லியே வளர்ந்த மனுசன். நல்லது கெட்டது தெரிந்த குடும்பத்தில் பிறந்தவர். கூப்பிட வேண்டிய நேரத்தில் கெட்டியாக மூடிக்கொண்ட அந்த வாய் இப்போது யோசிக்காமல், பழக்கத்தில், தானாகத் திறந்துகொண்டது.

"வர்றேன் தாயி" என்றார் வீரணன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அவர் கை வாயைப் பொத்தப் போனது, பாதியில் நின்றது. தண்ணித் தொட்டிக்கு மேலே போயிருந்த புகை அங்கேயே நின்றது, கிழிந்த இடமெல்லாம் கூடிக்கொண்டு கெட்டியானது, காற்றுக்கு எதிராக இறங்கி வந்து அவர் தலைக்கு மேலே தன் பழைய இடத்தில் நின்றுகொண்டது. சின்னக்காளை கும்பிட்ட கையை இறக்கிவிட்டுத் தெருவில் உட்கார்ந்தார். வீரணன் நடக்கத் தொடங்கினார், அதுவும் நடந்தது.

தெரு காலியாக வெகு நேரம் ஆகவில்லை. அந்த வீட்டு வாசலில் நிற்க யாருக்கும் தைரியம் இல்லை. அம்மாவும் மகளும் மட்டும் நின்றார்கள்.

"இருக்குறது நாம ரெண்டு பேரு" என்றாள் ஒச்சம்மாள். "அடுத்த துட்டி யாருக்குடி? எனக்கா, ஒனக்கா?"

"யாருக்கா இருந்தா என்னம்மா" என்றாள் பவுன்தாய். "அவரு வரணும்."

ஒச்சம்மாள் யோசித்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"நானே முந்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பத்து மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அடுப்படிக்குள் போய், மகளுக்குச் சோறு வடிக்க உலையை வைத்தாள்.